ஒருவரையும் சுடாத துவக்கு

தம்பியின் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று மருமகள் கணினியோடு என் முன்னால் இருக்கிறாள். தம்பியின் ஒரே மகள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். "மாமி, அவன் இவன் எண்டு மலரில வரக்கூடாது. அவர் எண்டு சொல்லுங்கோ" என்று கட்டளை வேறு. காற்சட்டை இல்லாமல் முற்றத்தில் ஓடியவரைத் துரத்திப் பிடித்துக் குளிக்க வார்த்தது நான். சரி, இன்றைக்கு மட்டும் "அவர்" ஆகவே இருக்கட்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். பிழை கண்டால் மருமகளைப் பிடியுங்கள்.

தம்பி யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். அவர் பிறந்தபோது எனக்கு எட்டு வயது. அம்மாவுக்குத் தோட்ட வேலை, ஆகவே அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தது நான்தான். அவருக்குப் பதினைந்து வயதானபோது எங்கள் ஒழுங்கைக்குள் இராணுவம் வந்தது. ஐயா படலையைச் சாத்தப் போனார். திரும்பி வரவில்லை. நானும் தம்பியும் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் கிடந்தோம். "ஐயா" என்று கத்த வாய் திறந்த தம்பியின் வாயை நான் கையால் பொத்தினேன். அவர் என் சுட்டுவிரலை எலும்பு தெரியக் கடித்தார். நான் கையை எடுக்கவில்லை. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் வடை சாப்பிட்ட பிறகு வந்து பார்க்கலாம்.

கனடாவுக்கு வந்து தம்பி சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். பிறகு இரும்பு கடைகிற பட்டறையில் முப்பது வருடம் நின்று யூனியன்வில்லில் வீடு வாங்கினார், மகளைப் படிப்பித்தார். வாய் சுத்தம், கை சுத்தம், யாருக்கும் உதவி. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கனடா நாளில் வாணவேடிக்கை தொடங்கினால் தம்பி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு இருப்பார். தலை வெள்ளையான பிறகும் அப்படித்தான். "இவருக்கு ஜூலை முதலாம் தேதி மட்டும் வயித்துக்குத்து" என்று மச்சாள், அவர் மனைவி, ஆட்களுக்குச் சொல்லிச் சமாளிப்பா.

அப்படிப்பட்டவர் ஒருநாள் துவக்கு வாங்கப்போவதாகச் சொன்னார்.

"உனக்கென்ன விசரோ? பட்டாசுக்கு ஒளிக்கிறவன் துவக்கு வாங்கி என்னத்தைச் சுடப்போறாய்?" என்றேன்.

"கடதாசியைத்தான் அக்கா. சத்தத்துக்கு இந்தப் பக்கம் ஒருக்கா நிண்டு பாக்கவேணும்."

வகுப்புக்குப் போனார், சோதனை எழுதினார், லைசென்ஸ் எடுத்தார். மச்சாளும் கையெழுத்துப் போட்டா. வந்தது ஒரு பழைய சுவிஸ் இராணுவத் துவக்கு. அந்த நாட்டு ஆமி வேண்டாமென்று விற்றதாம். ஏன் உது என்று கேட்டேன். தோளில் வைக்கிற கட்டையின் அடியில் இருந்த இரும்புத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு சின்னக் கடதாசி. அதில் அந்தத் துவக்கை முதலில் வைத்திருந்த சிப்பாயின் பெயரும் ஊரும்.

"இந்த ஆள் உதைத் தன்ர வீட்டிலயே வைச்சிருந்தவர் அக்கா. அவங்கட நாட்டில அப்ப சண்டை இல்லை. உது ஆமித் துவக்கு, ஆனால் ஒருத்தரையும் சுடேல்லை. அப்பிடி ஒண்டு உலகத்தில இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

நான் அந்தக் கடதாசியை மடித்து அவர் கையில் திரும்பக் கொடுத்தேன்.

முதல்நாள் சுடப் பழகுகிற ரேஞ்சுக்குப் போனவர் பக்கத்து ஆளின் வெடிச்சத்தம் கேட்டு, ஒன்றும் சுடாமல் காருக்குள் இருந்துவிட்டு வந்தார். இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் ரெக்ஸ்டேல் குணம் கூடப் போனார். குணம் தம்பியோடு பட்டறையில் வேலை செய்தவர், அவரிடமும் லைசென்ஸ் இருந்தது. அன்று தம்பி ஒரே ஒரு வெடி வைத்தார். தோள் கன்றி நீலமாகி வந்தது. நான் நல்லெண்ணெய் தடவ, சிரித்துக்கொண்டே அழுதார். அடுத்த கனடா நாளுக்குக் கையில் தேத்தண்ணியோடு முற்றத்தில் நின்றார். கோப்பை ஆடியதுதான். ஆனாலும் நின்றார்.

ஆயுதபூசைக்கு எங்கள் வீட்டில் கத்தரிக்கோல், அரிவாள், காரோடு துவக்கும் வரிசையில் வந்தது. நான் பக்தியாகச் சந்தனப் பொட்டு வைத்தேன். குறி பார்க்கிற வெட்டுக்குள் வைத்துவிட்டேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அடுத்த கிழமை தம்பி சுட்ட பத்தில் ஒன்றுகூடக் கடதாசியில் படவில்லை. குணம்தான் கண்டுபிடித்தாராம்: "அண்ணை, உங்கட துவக்குக்கு ஆரோ கண்ணை அடைச்சிருக்கினம்."

பிறகு மச்சாள் போய்ச் சேர்ந்தா. நான் தம்பியோடு வந்து இருந்தேன். அவர் கையில் துவக்கைப் பிடித்துத் துடைக்கும்போது எனக்கும் காட்டுவார். பின்பக்க இரும்பை நேரே இழுத்து வெளியே எடுப்பார். "இதுதான் போல்ட். இது இல்லாட்டில் துவக்கு சுடாது, வெறும் உலக்கை அக்கா. மா இடிக்கலாம்." அந்தப் பகிடியை நான் மறக்கவில்லை.

போன வருடம் தம்பிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றும் அதே வாயால் சொன்னார்கள். நோவு என்றால் அப்படி ஒரு நோவு. மருந்தெல்லாம் கொடுத்தும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி முனகுவார். நான் பகிடி விட்டேன். ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. என் கையில் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் வேலை செய்யவில்லை. ஒருநாள் காலை துவக்குப் பெட்டிக்கு முன்னால் கதிரை போட்டு, அதன் பூட்டுத் திறப்பைக் கையில் வைத்தபடி இருந்தார்.

"என்னடா இதில இருக்கிறாய்?"

"எனக்குக் காணும் அக்கா. இனி ஏலாது."

ஐயாவைப் பறிகொடுத்த பிள்ளையை வாய் பொத்திக் காப்பாற்றியது இதற்காகவா? யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். மகளுக்குச் சொன்னால் அவள் உடைந்துபோவாள், வீட்டுக்கு வரும் நேர்ஸுக்குச் சொன்னால் தம்பியைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்து பேசாமல் இருந்தேன். அது பிழை. உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால் என்னைப்போல வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள்.

அடுத்தமுறை அவர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது திறப்பை எடுத்தேன். அவர் காட்டின மாதிரியே போல்ட்டை இழுத்தேன். மூன்று பை சுற்றி அரிசி வாளியின் அடியில் புதைத்தேன். திறப்பை இருந்த இடத்திலேயே வைத்தேன். அன்றிலிருந்து அவரது அறை வாசலில்தான் பாய் போட்டேன். கட்டில் கிறீச்சிட்டால் எழும்பி இருப்பேன்.

ஒரு மத்தியானம் தம்பி ஒரு வாய் சோறு வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, சோறு எண்ணெய் மணக்குது."

"மருந்தால உன்ர நாக்குச் செத்துப்போச்சு. பேசாமல் சாப்பிடு."

"ஓம், ஓம். நாக்குத்தான்" என்றார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அதற்குப் பிறகு ஏழு கிழமை இருந்தார். மகள் கையை ஒரு பக்கம், நான் கையை மறுபக்கம் பிடித்திருக்க, தன் கட்டிலில், நோவுக்கு ஊசி போட்டபடி, அமைதியாகப் போனார்.

போன கிழமை குணம் முறைப்படி பேப்பர் வேலைகளை முடித்துத் துவக்கை எடுக்க வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அரிசி வாளியையும் ஒருக்கா கொண்டு வாங்கோ அக்கா" என்றார்.

நான் வாளியைக் கொண்டுவந்து வைத்து, "உமக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"அண்ணைக்குத் தெரியும். நீங்கள் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போன அண்டைக்கு நான் வந்தனான். பெட்டியைத் திறந்து பாத்திட்டு வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவர். 'அக்கா உலக்கை ஆக்கிப்போட்டா. சோத்தில மணம் வரேக்கையே நினைச்சனான்' எண்டவர். அதை அந்த இடத்திலயே விடு, அவவுக்கு ஆறுதல் எண்டும் சொன்னவர். பிறகு ஒண்டு எழுதி இதுக்குள்ள வைச்சவர். உங்களுக்கு முன்னால கழட்டச் சொன்னவர்."

அடித்தகட்டைக் கழற்றினார். அந்தச் சிப்பாயின் கடதாசிக்கு மேல் புதிதாய் ஒரு துண்டு. தம்பியின் கையெழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். தழும்பு விரலை எழுத்துகளுக்குக் கீழே வைத்து வாசித்தேன்.

"என்னிடம் இருந்த காலத்திலும் இது ஒருவரையும் சுடவில்லை. அக்கா, இனி அறைக்குள்ள போய்ப் படுங்கோ."

இனி நன்றி. வீட்டுக்கு வந்து தம்பியின் நோவைத் தணித்த நேர்ஸ் பிள்ளைக்கும், தினமும் சூப் கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், துவக்கைப் பொறுப்பெடுத்து அந்தத் துண்டை அதே இடத்தில் திரும்ப வைத்து மூடிய குணத்துக்கும், இதை அழுதழுது எழுதித் தந்த மருமகளுக்கும் என் கும்பிடு. எட்டாம் நாள் செலவுக்கு வந்து சாப்பிட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன். அது அந்த வாளி அரிசிதான். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லையே.

தம்பி, மற்றதெல்லாம் நீ சொன்னபடி செய்துவிட்டேன். பாயை மட்டும் இன்னும் உன் வாசலில் இருந்து எடுக்கவில்லை.