சித்தி எண்ணச் சொன்ன கொடுக்குகள்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு சனிக்கிழமை காலை, லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், குளவிக்கூட்டின் மேல் கல்லெறிந்தேன். மலைத்தேனீயைத்தான் எங்கள் பக்கம் குளவி என்பார்கள். காரணம் எதுவும் இல்லை. பாறையின் அடியில் கறுப்புச் சாக்குப் போலத் தொங்கிய அந்தக் கூடு வரைக்கும் என் கல் எட்டுமா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரை நான் எறிந்த எந்தக் கல்லும் குறியில் பட்டதில்லை. அன்று பட்டது.

கறுப்பு அப்படியே கழன்று வானத்தில் எழுந்தது. ஓட வேண்டும் என்றே தோன்றவில்லை. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். சித்தி மட்டும் மேலே ஓடி வந்தாள். அம்மாவின் தங்கை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. செடி கீறாமலிருக்க இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படங்கை அவிழ்த்து என்னைச் சுருட்டி, தேயிலைச் செடியடியில் தள்ளி, மேலே கவிழ்ந்துகொண்டாள். உள்ளே இருட்டு. வெளியே தகரத்தில் மழை விழுவது போல ஓயாத இரைச்சல். சித்தியிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

என்மேல் ஒரு கொட்டுகூட இல்லை.

குளவிகள் அடங்கியதும் ரோட்டோரம் அவளை உட்கார வைத்து ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவள் முகம் வேறு யாருடையதோ போல வீங்கிக்கொண்டே வந்தது. குளவி கொட்டினால் ஆள் செத்துப்போகலாம் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகளுக்கும் தெரியும். கூடு எப்படிக் கலைந்தது என்று கங்காணி கேட்டார். பருந்து அடித்திருக்கும் என்றாள் சித்தி. எனக்கு மூச்சு வந்தது. கொடுக்குகளைப் பிடுங்க அம்மா குனிந்தபோது சித்தி அவள் கையை விலக்கினாள்.

"நீ விடு அக்கா. இவ எடுக்கட்டும், இவளுக்குத்தான் நகம் சின்னது. எண்ணிக்கிட்டே எடுடி."

எடுத்தேன். ஒவ்வொரு கொடுக்கின் வெளிமுனையிலும் கடுகளவு விஷப்பை. குளவி போன பிறகும் அது தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. இமையில் மூன்று. உதட்டில் இரண்டு. காதுக்குள் ஒன்று. நகத்தால் கீறும்போதெல்லாம் அவள் தோல் துடித்தது, அவள் மட்டும் அசையவில்லை. ஒரு மனுஷியால் இப்படி உட்கார்ந்திருக்க முடியுமா என்று அழக்கூட மறந்து பார்த்தேன். பயந்துதான் இருந்தேன். ஆனால் அது அடிக்குப் பயந்த பயம் அல்ல.

ஆட்டோவில் ஏற்றும்போது, கண் திறக்க முடியாமல், தடவி என் தோளைப் பிடித்தாள்.

"எத்தன?"

"முப்பத்தெட்டு, சித்தி."

"மறந்துராத."

நான்காம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் நடந்தே வீட்டுக்குள் வந்தாள். கல் என் கையை விட்டபோதே அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள் என்பது, எனக்குக் கல்யாணம் பேசிய வருடத்தில் அவளே சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கு நான் நினைத்தது வேறு. டாக்டரிடம் சொல்வதற்காகத்தான் எண்ணச் சொன்னாள் என்று நம்பினேன். யாரிடமும் அடிபடாமல் தப்பித்துவிட்ட நிம்மதியில், வளைவு திரும்பும்வரை ஆட்டோவின் பின்னாலேயே ஓடி, முப்பத்தெட்டு, டாக்டருகிட்ட சொல்லுங்க, முப்பத்தெட்டு என்று கத்திக்கொண்டே இருந்தேன்.