கேட்காமல் ஒரு செபம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் ஒரு சிறிய கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பிள்ளைகள். பூசை முடிந்ததும் கோவிலின் பின்பக்க வராந்தாவில் பாய் விரித்து உட்காருவோம். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி என்று பங்குக்கே தெரியும். பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

அந்த வருஷம் பங்குத் திருவிழாப் பூசையில், நற்கருணைக்குப் பிறகு, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பீடத்தின் முன் வந்து சொந்த வார்த்தையில் புகழ்ச்சி செபம் சொல்வார்கள் என்று பங்குச் சாமியாரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். முந்தின வருஷம் நான் எழுதிக் கொடுத்ததைத் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுத்தார்கள். வெட்கத்தில் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆனாலும் சாமியாருக்கு உதவியாகக் கோவில் காரியங்களைப் பார்த்துக்கொண்ட உபதேசியாருக்கு என் ஏற்பாடு பிடிக்கவில்லை.

“பேப்பர் இல்லைன்னா பசங்க உளறிக் கொட்டிடும் டீச்சரம்மா. வெளியூர் சாமியாருங்கள்லாம் வராங்க. மானம் போயிடும்.”

“போனா என் மானம்தானே? போவட்டும்” என்றேன்.

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, முதல் வகுப்பிலேயே முழி பிதுங்கிவிட்டது. புகழ்ச்சி என்றால் கேட்பது இல்லை, கிடைத்ததற்கு நன்றி சொல்வதும் இல்லை. கடவுள் கடவுளாக இருப்பதற்காகவே அவரைப் போற்றுவது என்று விளக்கினேன். யார் வாயில் ‘தாரும்’ வந்தாலும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று விதி வைத்தேன். “ஆண்டவரே, உம்மைப் புகழ்கிறோம்” என்று அழகாக ஆரம்பிப்பார்கள். முடிக்கும்போது மழை தாரும், கணக்கில் மார்க் தாரும். ஐந்து நிமிஷத்தில் பன்னிரண்டு பேரும் பாயில் இருந்தார்கள்.

“இதுங்களுக்குப் புத்தியைத் தாரும் ஆண்டவரே!” என்று கத்தினேன்.

“டீச்சர், நீங்களும் உட்காருங்க” என்றது ஒரு வாண்டு. உட்கார்ந்தேன்.

அவர்களில் ஒருத்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஒன்பது வயது. ஆட்டோ ஓட்டும் அவளுடைய அப்பா, கால் முறிந்து கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தார். எந்தச் செபத்தை ஆரம்பித்தாலும் அப்பாவின் காலில்தான் கொண்டுவந்து முடிப்பாள். அவள் கேட்டாள்:

“ஒண்ணுமே கேக்காம சாமிகிட்ட எதுக்கு டீச்சர் போவணும்?”

விளக்கினதையே திரும்ப விளக்கினேன். அவள் தலையாட்டவில்லை. ஒரு வாரம் யோசித்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு வந்ததும் வராததுமாகச் சொன்னாள்:

“மலை மேல தீபம் ஏத்தனதும் ஊரே கத்துதுல்ல? அப்ப யாரும் எதுவும் கேக்கல டீச்சர். பாத்த சந்தோஷத்துல கத்தறாங்க. அது மாதிரியா?”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து வருஷம் தவறாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான். எனக்கு இது தோன்றவேயில்லை.

“அதேதான்டி கண்ணு” என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் சீக்கிரம் உட்காரவில்லை. ஒருவன் “மின்னலை விடறவரே” என்றான். ஒருத்தி “வேர்க்கடலைக்குள்ள ரெண்டு பருப்பை ஒளிச்சு வெச்சவரே” என்றாள். கீழ்பென்னாத்தூர்காரி மட்டும் திருவிழாவுக்கு முந்தின வகுப்பிலும் அப்பாவின் காலுக்குச் சுகம் தாரும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவளை மட்டும் சேர்க்காமல் விட்டுவிடச் சொன்னார் உபதேசியார். நான் கேட்கவில்லை.

திருவிழா அன்று பதினொரு பிள்ளைகள் பேப்பர் இல்லாமல் தலை நிமிர்ந்து சொல்லி முடித்தார்கள். கடைசியாக அவள் வந்தாள். முன்வரிசையில் நாற்காலியில், கட்டுப் போட்ட காலை நீட்டி அவளுடைய அப்பா. அவரைப் பார்த்தாள்.

“ஆண்டவரே, எங்கப்பா…”

நின்றுவிட்டாள். உபதேசியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவள் எச்சிலை விழுங்கினாள்.

“எங்கப்பாவை விட நீங்க பெரியவரு. நம்ம மலையை விடப் பெரியவரு. நீங்க இருக்கறீங்க! அல்லேலூயா!”

இரண்டு கையையும் மேலே தூக்கித் தொண்டை கிழியக் கத்தினாள். உடனே கோவில் மொத்தமும் எழுந்து அல்லேலூயா என்றது, தீபம் தெரிந்ததும் ஊர் எழுப்புகிற அதே சத்தத்தில். எல்லோரையும் விட உரக்கக் கத்தியவர் உபதேசியார்தான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஜெயித்துவிட்டோம்.

பூசை முடிந்ததும் அவள் ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்தாள்.

“டீச்சர், நான் கேக்கவே இல்ல.”

“இல்லடி. ஒண்ணுமே கேக்கல.”

“அப்ப, இப்பப் போய்க் கேக்கலாமா?”

“போ, கேளு” என்றேன். பீடத்தின் முன் முழங்கால் போட்டவள், அப்பா இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வந்தாள்.