மூச்சுக் காட்டாதே

கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது, தங்கச்சிக்கு எட்டு. இரண்டு பேருமே ஆபீஸுக்குப் போகிற பெரிய மனுஷிகள். விடியுமுன் வேன் வந்து ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அந்த வருஷம் கரிசலில் மழை இல்லை. எங்கள் விரல்களை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது.

குச்சி அடுக்கக் கற்றுக்கொடுக்கும் முன்பே ஒளியக் கற்றுக்கொடுத்தார்கள். சின்னப் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்று பார்க்க ஆபீசர் வருவார். ஜீப் தெரிந்ததும் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைக் கணக்கப்பிள்ளை அடிப்பார். சின்னதுகள் எல்லாம் பின்னால் இருந்த சாக்கு அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். என்னைப் போல வளர்த்தியானவர்களுக்குப் பதினைந்து வயது என்று சொல்லிச் சமாளிப்பார்கள்.

முதல் தடவை தங்கச்சி சாக்குத் தூசியில் தும்மிவிட்டாள். கணக்கப்பிள்ளை என்னைத்தான் அறைந்தார். அந்த ஆத்திரத்தை வீட்டுக்கு வந்து அவள் தொடையில் காட்டினேன். திருகிய திருகில் கன்றிப்போனது.

"ஏட்டி, ஆரு கூப்பிட்டாலும் மூச்சுக் காட்டாத. நானே கூப்பிட்டாலும் வரக் கூடாது. ஆபீசரு என்னய விட்டுக் கூப்பிடச் சொல்வாரு."

"அப்ப எப்பக்கா வரணும்?"

"கணக்கப்பிள்ளை அண்ணாச்சி வந்து கதவத் தொறப்பாவ. அப்ப வா."

அந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம் குச்சி முனையை மருந்தில் முக்கும் இடத்தில் தீப்பிடித்தது. கணக்கப்பிள்ளை பதறிப்போய் அடித்தது அதே தண்டவாளத்தைத்தான். தீக்கென்று தனி மணி வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆபீசரைவிடப் பெரிய ஆபத்து உண்டென்று முதலாளிக்கு நினைப்பே கிடையாது.

நான் வெளியே தொட்டியில் தண்ணீர் மோந்துகொண்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் புகையைப் பார்த்ததும் வாசலுக்கு ஓடி வந்துவிட்டன. என் தங்கச்சியை மட்டும் காணோம்.

"உள்ள ஆராச்சும் இருக்கியளா?" என்று ஆட்கள் கத்தினார்கள். பதில் இல்லை. முன்பக்கம் நெருங்க முடியவில்லை. நான் சாக்கு அறையின் பின்சுவரில் முட்டிக்கொண்டு கத்தினேன்.

"ஏட்டி, அக்காடி! உள்ள இருந்தா ஒரு கொரலு குடுட்டி!"

அவள் இருமலை அடக்குகிற சத்தம் கேட்டது. சொல்படி கேட்டாள், பாவி.

சுவரை இடித்துத் தூக்கியபோது அவளுக்கு நினைவு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கணக்கப்பிள்ளையும் கூடவே வந்தார். "வீட்ல அடுப்புல விழுந்துட்டு, சார்" என்று டாக்டரிடம் கூசாமல் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். நான் மறுபடி வேலைக்குப் போயாக வேண்டுமே.

டாக்டர் நம்பவில்லை. அவள் பக்கம் குனிந்தார்.

"பாப்பா, பயப்படாமச் சொல்லு. எங்க தீப்பிடிச்சது?"

பயப்படாதே என்று அவளிடம் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் என்னைப் பார்த்தாள். கணக்கப்பிள்ளையின் கை என் தோளில் இருந்தது. நான் உதட்டின்மேல் விரலை வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் செத்துப்போனாள். துட்டிக்கு வந்தவர்கள், சொன்ன சொல் தட்டாத பிள்ளை என்று மாரடித்தார்கள். எனக்குப் பயம் தெளிய முகத்தில் தண்ணீர் அடித்துத் திருநீறு பூசினார்கள். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

எரிந்த பக்கத்தைத் தட்டி வைத்து மறைத்து ஆபீஸைத் திறந்தார்கள். வேன் வந்தது, ஏறினேன். தங்கச்சி இடத்தில் புதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது, ஏழு வயது இருக்கும். தண்டவாளம் அடித்தால் என்ன செய்ய வேண்டுமென்று அதற்குச் சொல்லிக்கொடுக்கும்படி கணக்கப்பிள்ளை என்னிடம் சொன்னார்.

சொல்லிக்கொடுத்தேன்.