செருப்புத்தோல் வாசர்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மோட்டார் போட்டு, மேலே தொட்டி கட்டி, அடுப்படிக்கே பித்தளைக் குழாய் கொண்டுவந்த முதல் வீடு மருதாத்தாளுடையது. பெருமை மாமியாருக்கு, குழாயைப் புளிபோட்டுத் தேய்க்கிற பாடு மருமகள் நாச்சம்மாளுக்கு. துளி களிம்பு தெரிந்தால் போதும், அன்றைக்குச் சோறு கிடையாது. புருஷன் ரத்தினசாமியோ, தாய் பேசினால் வாயே திறக்காத மகராசன்.

எழுபத்திரண்டாம் வருஷம் குழாய் சொட்ட ஆரம்பித்தது. அதே வாரம் பொறந்த ஊரான அகளியிலிருந்து ஆள் வந்தது. நாச்சம்மாளின் அம்மா படுத்த படுக்கையாம், மகளைக் கேட்டு அழுகிறாளாம்.

"ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தர்றனுங்க அத்தை."

"கொழாச் சொட்டு நிக்கட்டும். அப்பறம் போ."

இதென்ன நியாயம்! யாரிடம் போய்க் கேட்பது? நாச்சம்மாள் தொட்டி வால்வை மூடி, மோட்டார் ஸ்பேனரால் குழாயின் தலையைக் கழற்றினாள். உள்ளே தண்ணீரை அடைக்கிற தோல் வளையம், அந்த வாசர், நைந்து கிடந்தது. கடைக்கு அனுப்ப ஆளில்லை. கல்யாணத்துக்கு அம்மா வாங்கித் தந்த செருப்பை அரிவாள்மணையில் அறுத்து, வட்டமாகச் சீவி மாட்டி, வால்வைத் திறந்தாள். சொட்டு நின்றது. ஓடிப்போய்ச் சேலை மாற்றினாள்.

மருதாத்தாள் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். "என்னத்தப் புள்ள வெச்சே?"

"செருப்புத் தோலுங்க."

"அட நாசமாப் போனவளே! குடிக்கிற தண்ணியிலயா?"

"முன்ன இருந்ததும் தோலுதானுங்க அத்தை..."

கன்னத்தில் அறை விழுந்தது. தோலைப் பிடுங்கி எறியவைத்து, துணியைத் திணிக்கச் சொன்னாள் மாமியார். தொட்டி முதல் டம்ளர் வரை தேய்த்துக் கழுவியாக வேண்டும். கழுவி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது, குழாயும் மறுபடி சொட்டியது. ரெண்டு நாளில் இழவுச் சேதி வந்தது. நாச்சம்மாள் அகளி போய்ச் சேர்ந்தபோது எடுத்தாகிவிட்டது. பெற்றவள் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே, பாவி!

ஐந்தாறு வருஷத்தில் மருதாத்தாள் கைகால் விழுந்து, அடுப்படியை ஒட்டிய அறையில் கிடந்தாள். நாச்சம்மாள் வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டினாள், பீமூத்திரம் அள்ளினாள். யாரும் குறை சொல்ல முடியாது. குழாயையும் பளபளவென்று தேய்த்து வைத்தாள். அது சொட்டுவதை மட்டும் நிறுத்தாமல் விட்டுவிட்டாள். அந்தச் சத்தத்தில் கிழவிக்குப் பொட்டுத் தூக்கமில்லை.

"அம்மிணி, உன்ற காலப் புடிச்சுக்கறேன். அந்தச் சொட்ட நிறுத்து."

"தோலு வெக்கோணுமுங்களே அத்தை."

"வெய்யி சாமி. எந்தத் தோலானாலும் வெய்யி."

"ஐயோ, தீட்டாயிருமுங்க," என்றாள் நாச்சம்மாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். குழாயை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.