அமாவாசையன்று கேட்ட கார்ட்டூன்

எங்கள் வீட்டில் விசைத்தறியும் டிவியும் ஒரே கூடத்தில் இருக்கின்றன. சனிக்கிழமைதோறும் டிவியில், பறக்கிற ஐந்து இளவட்டங்கள் ஊரைக் காப்பாற்றுகிற கார்ட்டூன் தொடர் வரும். தறிச் சத்தத்தில் ஒரு பேச்சும் கேட்காது. என் மகள் ஐந்து பேருக்கும் தானே வசனம் பேசிக்கொள்வாள்.

"ஒரு நாளாச்சும் தறிய நிறுத்துங்கப்பா" என்று உயிரை வாங்கினாள்.

அமாவாசைக்கு நாங்கள் தறி ஓட்டுவதில்லை. போன சனிக்கிழமை அமாவாசை. முதல்முறையாகச் சத்தத்தோடு பார்த்தாள். பாதியிலேயே முகம் சுண்டிவிட்டது.

"என்ன சாமி?"

"அவங்க தலைவன் இத்தன அழுகுணியா? நான் பேசுனதே நல்லாருந்துச்சு. தறியப் போடுங்கப்பா."

"அமாவாசைன்னு சொல்றனல்ல!"

ரிமோட்டை வாங்கி டிவி சத்தத்தை நிறுத்தினேன். உடனே ஐந்து குரலில் ஆரம்பித்துவிட்டாள். மாதத்தில் என் காதுக்கு ஓய்வு கிடைப்பது அந்த ஒரு நாள்தான்.