புளி போட்டுக் கழுவிய போர்டு

உங்கள் பெரியம்மாவின் கம்ப்யூட்டர் செத்துப்போன அந்த ஜூன் மாதம், பிள்ளைகளா, நீங்கள் எதைக் கேட்டாலும் நான் எரிந்து விழுந்தேன். ஏன் என்று அப்போது சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். தமிழை நீங்கள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள் என்று தெரியும். மெதுவாகவே படியுங்கள். நானும் பத்தாவதோடு நின்றவன், மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

தாராவியில் பெரியம்மா வீட்டு மாடியில் இருக்கும் எம்ப்ராய்டரி மெஷினைப் பார்த்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு பேட்ஜ் தைப்பது. பெரியப்பா உயிரோடு இருந்தபோது, மூடிப்போன ஒரு கம்பெனியிலிருந்து வாங்கிப் போட்டது. அதற்கு டிசைனை அனுப்புவது பக்கத்தில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். உங்கள் இரண்டு பேர் வயதையும் கூட்டினாலும் அதன் வயது வராது. புது லேப்டாப் எதற்கும் அந்த மெஷினோடு பேசத் தெரியாது, கேபிள் மாட்ட இடமே இருக்காது. ஆகவே கம்ப்யூட்டர் போனால் மெஷினும் போனது மாதிரிதான்.

பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில், ஒரு காலையில் அது எழும்பவில்லை. உள்ளே விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. கோபர்கைரனே ஃபிளாட்டிலிருந்து உங்கள் அண்ணன், பெரியம்மா மகன், வந்து பார்த்தான். நான் போய்ச் சேரும்போது அம்மாவும் மகனும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"போதும்மா. சண்டே பங்கார்காரன வரச் சொல்லிட்டேன். எல்லாத்தையும் பழைய இரும்புக்குத் தூக்கிட்டுப் போயிருவான். நீ எங்கூட வந்துரு."

"அங்க வந்து நான் என்னல செய்ய? லிஃப்ட்ல ஏறி எறங்கிக்கிட்டுக் கெடக்கவா?"

"இங்க அந்த ஏணியில ஏறி எறங்கிக்கிட்டுத்தான கெடக்க. மழையில வழுக்கி விழுந்தா யாரு பாக்க?"

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த இரும்பு ஏணி சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக நிற்கிறது. முந்தின மழையில் வழுக்கி, பெரியம்மாவின் முழங்கால் வீங்கிப்போனது. ஆனால் பெரியப்பா போனதிலிருந்து அந்த மாடி அறைதான் பெரியம்மாவுக்கு எல்லாம். அவன் இறங்கிப் போனதும் என்னிடம் சொன்னார்:

"தம்பி, நீங்க வாஷிங் மெஷின் போர்டெல்லாம் பாக்கியள்லா. இதையும் ஒரு பார்வை பாருங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடலன்னா, அவன் மெஷினோட சேத்து என்னையும் மூட்டை கட்டிருவான்."

கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். போர்டின் மூலையில் சின்ன உருளை பேட்டரி ஒன்று இருக்கும், தேதியை மறக்காமல் இருக்க. அது கக்கியிருந்தது. கீபோர்டு மாட்டும் இடம் வரைக்கும் செம்புக் கோடுகளின் மேல் பச்சை பூத்துக் கிடந்தது. செம்பூரில் நான் வேலை பார்க்கும் ரிப்பேர் கடையில் இப்படி வந்தால் வினிகர் போட்டுத் தேய்ப்போம். அங்கே வினிகர் இல்லை, வெளியே மழை கொட்டியது. பெரியம்மா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது பித்தளைச் செம்புல ஏறுத களிம்பு மாதிரில்லா இருக்கு. புளி போட்டுத் தேச்சா போயிரும்."

யோசித்தேன். பேட்டரி கக்கியது காரம். புளிப்பு அதை முறிக்கும். வினிகரும் புளிப்பு, புளியும் புளிப்பு. பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷில் புளியைத் தொட்டுத் தேய்த்தேன். பச்சை போய்ச் செம்பு பளிச்சென்று வந்தது. டிரம் தண்ணீரில் அலசி, ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன். மீட்டர் வைத்துப் பார்த்ததில் சில கோடுகள் அறுந்திருந்தன. மெல்லிய கம்பியால் இணைத்து, சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. பெரியம்மா "ஸ்தோத்திரம்" என்றார். நான் போகிற வழியில் உங்களுக்கு ஜிலேபி வாங்கினேன்.

மறுநாள் சாயங்காலம் மழை வலுத்தபோது போன் வந்தது.

"தம்பி, நான் கைய எடுத்துட்டேன். அது தானா எழுத்து அடிச்சுக்கிட்டே போவுது. ஒங்க அண்ணாச்சிதான் வந்து அடிக்காவளோ என்னவோ."

செத்துப்போன பெரியப்பாவைச் சொல்லி அவருக்குச் சிரிப்பு. நான் உடனே கிளம்பினேன். வேறு கீபோர்டு கொண்டுபோய் மாட்டினேன். அதுவும் அப்படியே. வெயில் அடித்தால் ஒழுங்காக இருக்கும், மழை வந்தால் பிதற்றும். தினமும் கடை முடிந்து பஸ் பிடித்து, சயானில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து போவேன். ஈயம் வைத்து ஒட்டிய இடத்தையே சால்டரால் திரும்ப ஒட்டுவேன். மீட்டர் எல்லாம் சரி என்று பீப் அடிக்கும். நான் ஏணியை விட்டு இறங்குவதற்குள் மேலே அது மறுபடி தொடங்கியிருக்கும். கடையில் ஒருவருடைய போர்டை இன்னொருவருடைய மெஷினில் மாட்டிவிட்டேன். "தியான் கிதர் ஹை தேரா?" என்று முதலாளி சேட் கேட்டார். கவனம் எங்கே என்று எனக்குத் தெரியும். மாட்டியதைக் கழற்ற ஆரம்பித்தேன்.

சனிக்கிழமை உங்கள் அம்மாவும் என்னோடு வந்தாள், பெரியம்மாவின் துணிமணியைக் கட்டிக்கொடுக்க. பாத்திரங்களைக் கீழே எடுத்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றவள், போர்டை ஒரு விரலால் தொட்டாள்.

"என்னங்க இது, ஊறுகா ஜாடி மூடி மாதிரி பெசுபெசுங்கு? எந்தப் புளியப் போட்டிய?"

"டப்பால இருந்த புளிதான்."

"அக்கா, ஊர்லருந்து வந்ததா? உப்பு போட்டு வச்சதா?"

"பின்ன உப்பு போடாம புளி வைக்க முடியுமாட்டி? பூச்சி வந்துராதா?"

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். "நீங்க போர்டு கழுவுனியளா, கொழம்பு கூட்டுனியளா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்பில் கரண்ட் ஓடும். ஒரு கோட்டிலிருந்து பக்கத்துக் கோட்டுக்குத் தாவும், யாரும் தொடாத எழுத்து திரையில் விழும். கீபோர்டைக் கவனிக்கும் சிப்பை நான் கழற்றவே இல்லை. அதற்கு அடியில்தான் உப்பெல்லாம் போய் உட்கார்ந்திருந்தது.

இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரும், கடையில் போர்டு துடைக்கும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்தேன். சிப்பை மெல்ல நெம்பி எடுத்து, திரும்பத் திரும்பக் கழுவினேன். அடியில் இன்னும் ஒரு கோடு நூல் மாதிரி இளைத்துப்போயிருந்தது. அதற்கும் கம்பி இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றேன். ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டியது. எழுத்து எதுவும் வரவில்லை. பெரியம்மா கீபோர்டில் கை வைக்கப் பயந்து, என் முகத்தைப் பார்த்தார். "அனுப்புங்க மதினி" என்றேன். மெஷின் தைக்க ஆரம்பித்தது.

கீழே பங்கார்காரனின் குரல் கேட்டது. அண்ணன் நனைந்துகொண்டே மேலே ஏறி வந்தான். ஊசி ஓடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எத்தன பீஸ் இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டான்.

"இந்த ஸ்கூல் முடிஞ்சா அடுத்த ஸ்கூல்." பெரியம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் என் பக்கம் திரும்பினான். "சித்தப்பா, நீங்க சொல்லுங்க. எவ்வளவு நாள் ஓடும்?"

ஓடும் என்று சொல்லிவிட ஆசைதான். "தெரியலப்பா. கக்குன பேட்டரிய எடுத்தாச்சு, உப்பையும் கழுவியாச்சு. ஆனா அரிச்ச செம்பு அரிச்சதுதான்."

அவன் ஜன்னல் வழியாகக் குனிந்து, "அகலே ஹஃப்தே ஆனா, பையா" என்று அடுத்த வாரத்துக்குச் சொல்லி அனுப்பினான். பிறகு அம்மாவிடம், "ஏணிக்குக் கைப்பிடிக் கம்பி அடிக்கணும். அதுவரைக்கும் மழையில எறங்காத, கேட்டியா?" என்றான்.

"யாரு எறங்கப் போறா, வேலை கெடக்கு."

கம்பி அடித்தாயிற்று. பங்கார்காரன் இன்னும் வந்து கேட்டுவிட்டுத்தான் போகிறான். எனக்கோ மழை தூறினாலே கை போனுக்குப் போகிறது. நேற்று கடையில் இருக்கும்போது வானம் இருட்டியது, உடனே பெரியம்மாவின் போன். கையிலிருந்த சால்டரைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுத்தேன்.

"என்ன மதினி, திரும்பவும் எழுதுதா?"

"அது ஒண்ணும் எழுதல. நீல நூல் தீந்துபோச்சு. வரும்போது தாதர்ல வாங்கிட்டு வாங்க, கருநீலம் வாங்கிராதிய."

வாங்கிக்கொண்டு போனேன். கருநீலம்தான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.