இரண்டாம் முறை தேகாப்பியாசம்

இங்கே விடிந்தால் முதல் வேலையாக எங்களை ஆட வைக்கிறார்கள். ஆட்டம் என்று நான்தான் சொல்கிறேன். கொரியக் கம்பெனி அதற்கு வைத்த பெயர் தேகாப்பியாசம். சவூதி மணலில், தலையில் ஹெல்மெட்டோடு வரிசையாக நிற்க வேண்டும். ஸ்பீக்கரில் சங்கீதம் வரும். "ஹனா, துல், செத்" என்று போர்மன் எண்ண, தாடி வைத்த நாங்களெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போலக் கைகளைத் தூக்கிக் குனிந்து நிமிர வேண்டும். "இது ரெண்டாம் சுபஹ் தொழுக மச்சான், கைகால் கழுவி வுழூ எடுக்குறது மட்டுந்தான் இல்ல" என்று எங்கள் இலங்கைச் சாய்ந்தமருது ஆட்கள் பகிடி விடுவார்கள். தொழிலாளி சுகமாக இருக்க வேண்டுமாம். அதற்காக வாசலில் உப்புக் குளிசை தருகிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். ஊரில் இதைக் கேட்டால் "என்ன நல்ல கம்பெனி!" என்பீர்கள். சொல்லுங்கள், சொல்லுங்கள். உடம்புக்கு ஏலாது என்று தெரிந்தால் இங்கே மருந்தில்லை, ஊருக்கு டிக்கெட்தான். யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்க்கத்தான் போர்மன் முன்னால் நிற்கிறான்.

என் பக்கத்தில் நின்றவர் நிந்தவூர் ஆதம்பாவா காக்கா, எங்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன் மாதிரி. நாவிதன்வெளிப் பக்கம் நெல் வெள்ளாமை செய்தவர். பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் எங்கள் பக்கத்தில் கலியாணம் ஏது? மகளின் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. கூரைக்காகத்தான் மனிதர் கடல் தாண்டினார். வந்த சில மாதத்திலேயே கையைத் தூக்கினால் நெஞ்சு வலிக்கத் தொடங்கியது.

"டாக்குத்தரிட்ட கதைப்பமா காக்கா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி, அனுப்பிப் போடுவானுகள். ஊட்டுக்குக் கூரையப் போட்டுட்டா, மறுகா நான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போனாலும் பரவாயில்ல."

எங்கள் வயலில் வெள்ளாமை வெட்டும்போது ஒருவர் பின்தங்கினால், இரு பக்கத்து ஆட்களும் அவருடைய பங்கையும் சேர்த்து வெட்டிக்கொண்டே போவார்கள். அவரும் மற்றவர்களோடு கரையேறிவிடுவார். வயல்காரப் போடியாருக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லித் தந்த பழக்கமில்லை அது. இங்கே ஒருவருடைய கையை இன்னொருவர் தூக்க முடியுமா? அதனால் எங்கள் வரிசையே மெதுவாகக் கை தூக்கியது. காக்காவின் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

ஒரு நாள் போர்மன் எங்களிடம் வந்தான். "ஸ்ரீலங்கா லைன், வெரி ஸ்லோ. யூ சிக்?"

பயத்தில் ஒரே குரலாக "நோ சேர், நோ சிக்!" என்றோம். காக்காவின் குரல்தான் எல்லாவற்றிலும் உரத்தது.

அவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். "நோ சிக், குட். தென் அகெய்ன்!"

சோர்ந்தவர்களைத் தேற்றுகிற யோசனையாம். அன்றிலிருந்து மற்றவர்கள் வேலைக்குப் போக, எங்களுக்கு மட்டும் இரண்டாம் முறை தேகாப்பியாசம். படுபாவி, நல்லெண்ணத்தில்தான் செய்தான். அதை நினைக்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது. நாங்கள் வேகமாகச் செய்தால் காக்கா தனித்துத் தெரிவார். மெதுவாகச் செய்தால் அவருக்கு இரட்டிப்பு வேலை. என்னதான் செய்வது, யா அல்லாஹ்!

ஒரு காலை, அந்த இரண்டாம் முறையின்போது, தூக்கிய கை இறங்குவதற்குள் காக்கா மணலில் விழுந்தார். ஓடிப்போய்த் தலையை மடியில் வைத்தேன்.

"என்னத் தூக்கி நிப்பாட்டு தம்பி," என்றார். "அவன் பாத்துருவான்."

கிளினிக்குக்குப் போய்ச் சேருமுன் மூச்சு அடங்கிவிட்டது. மையித்தை இங்கேயே, பெயரில்லாத மண்ணில் அடக்கினோம். நிந்தவூரில் மையித்து இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடத்தினார்களாம். மகளின் வீடு இன்னும் வானம் பார்த்தபடி நிற்கிறதாம்.

மறுநாளும் ஸ்பீக்கர் பாடியது. காக்கா நின்ற இடத்தை விட்டுவிட்டு நின்றோம். போர்மன் "நோ கேப், நோ கேப்" என்று தோளைப் பிடித்துத் தள்ளி எங்களை நெருக்கி நிறுத்தினான். பிறகு எண்ணினான். மெதுவாகச் செய்ய இனி யாருக்காக? முகம் ஊர் இருக்கும் கிழக்கைப் பார்த்திருந்தது, கால் காக்கா விழுந்த மணலில் நின்றது, கைகள் எல்லாம் ஒன்றாக மேலே போயின.

"வெரி குட், ஸ்ரீலங்கா!" என்று அவன் கைதட்டினான்.